சஹனில் நாலாவது ஆள்

வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கம் என் மகள் இருந்தாள். இந்தப் பக்கம், விரித்த பாயில், முன்பின் தெரியாத மூன்று பேரோடு நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் நடுவில் ஒரு பெரிய வட்டத் தாம்பாளம். அதில் குவித்து வைத்த நெய்ச்சோறு.

ஆவி கிளம்பி என் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. காது முழுக்கத் துணிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

காரைக்காலில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்களுக்கு அந்தத் தாம்பாளம் தெரியும். சஹன் என்பார்கள். ஒரு சஹனுக்கு நாலு பேர். இலை கிடையாது, தனித் தட்டு கிடையாது. நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் திரை.

எனக்கு அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. மாப்பிள்ளை யார், பெண் யார் என்று தெரியாது. பெண்கள் பந்தியில் பரிமாற வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்திக்கு நான் அப்பா. இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லி அவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப் போக வந்தேன்.

மண்டபத்து வாசலில் தயங்கி நின்றதுதான் தப்பு. அத்தர் மணக்க ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள மூணு பேரு உக்காந்துக்கிட்டு நாலாவது ஆளத் தேடுறாங்க. வாங்க, வாங்க.”

“இல்லீங்க, நான் வந்து...”

“சாப்புட்டுட்டுச் சொல்லுங்க.”

அப்படித்தான் நான் நாலாவது ஆள் ஆனேன்.

எனக்குக் கவலை வரும் விதம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் சுபாவம் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஊர் குரும்பகரம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றவர்களுக்கு மழை வந்தால் கவலை வரும். எனக்கு வெயில் நன்றாக அடித்தாலும், இது எத்தனை நாளைக்கு என்று வந்துவிடும்.

பஸ் கிளம்பும்போது டயரை உதைத்துப் பார்ப்பேன். அது டிரைவர் வேலை. “அண்ணே, நீங்க உதைச்சு உதைச்சே காத்து போயிரும்” என்பார் டிரைவர். வீட்டில் என் மனைவி மல்லிகா இன்னும் ஒரு படி மேல். இரவு நான் வாசல் கதவை இழுத்துப் பார்க்கும்போது, “கதவு என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்பாள்.

எங்களுக்கு ஒரே மகள், இலக்கியா. காரைக்காலில் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். சத்தமில்லாத பிள்ளை. வீட்டில் அவள் தண்ணீர் கேட்டால்கூடப் பக்கத்து அறைக்குக் கேட்காது. இந்தப் பிள்ளை வெளி உலகத்தில் எப்படிப் பிழைக்கப் போகிறது என்பது என் நிரந்தரக் கவலைகளில் ஒன்று.

வேகத்தடை வருது!

கல்லூரிப் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் காசை மிச்சம் பிடிக்கும் விதங்களையும், நாலு காசு பார்க்கும் விதங்களையும் என் பஸ்ஸில் ஏறி நின்று பார்த்தால் வாய் மூடாது.

பஸ் கட்டணம் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஏறும். எந்த இடத்தில் ஏறுகிறது என்று எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். அதற்கு முந்தின நிறுத்தத்தில் கும்பலாக இறங்கி, பேசிக்கொண்டே நடந்து போவார்கள். நாங்கள் அடுத்த நிறுத்தத்தில் ஆள் ஏற்றி இறக்கிக் கிளம்புவதற்குள் பஸ்ஸைத் தாண்டிப் போய்க் கையாட்டுவார்கள்.

ஒருத்தி போனுக்கு ரீசார்ஜ் செய்வாள். அந்த மாதம் அவள் எங்கே உட்காருகிறாளோ அவளைச் சுற்றியே மற்றவர்கள் உட்காருவார்கள். அவளுடைய ஹாட்ஸ்பாட்டில் நாலு பேர் பாடம் பார்ப்பார்கள். மறுமாதம் வேறொருத்தி முறை. இடம் மாறி உட்காருவதைப் பார்த்தே, இந்த மாதம் யார் ரீசார்ஜ் என்று நான் சொல்லிவிடுவேன்.

பட்டினச்சேரியிலிருந்து ஒரு பையன் வருவான். ஒரு நாள் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்கும் காரணம் மூக்கில் ஏறியது.

“என்னடா தம்பி பையில?”

“புஸ்தகம்ணே.”

“புஸ்தகம் இப்புடியா நாறும்?”

“கெமிஸ்ட்ரி புஸ்தகம்ணே.”

பஸ்ஸே சிரித்தது. உள்ளே நெத்திலிக் கருவாடு. அம்மா காயவைத்ததைப் பொட்டலம் போட்டுக் கல்லூரியில் விற்க எடுத்துப் போகிறான். “டீச்சருங்கல்லாம் சொல்லி வச்சிருக்காங்கண்ணே, எறக்கி விட்டுறாதீங்க” என்று கெஞ்சினான். அடுத்த வாரம் அதே பை, ஆனால் வாசனையே இல்லை. எப்படிடா என்றேன். கருவாட்டை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, மேலே காப்பித்தூள் தூவிய துணியை வைத்திருந்தான். முந்தின வாரம் இறக்கிவிட இருந்த நான், அந்த வாரம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என்னை அசத்தியவள் ஹசீனா. தருமபுரத்தில் ஏறுவாள். இலக்கியாவின் வகுப்புத்தான். கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போட்டுவிடக் கற்றுக்கொண்டிருந்தாள். எங்கே வைத்துக் கற்றுக்கொண்டாள்? ஓடுகிற பஸ்ஸில். தோழிகளின் கையை மடியில் வைத்துக்கொண்டு, மருதாணிக் கூம்பால் கொடியும் பூவும் போடுவாள்.

“மாமா, வேகத்தடை வந்தா முன்னாடியே ஒரு கொரல் குடுங்க. கோடு கோணிக்குது.”

அதிலிருந்து எனக்கு ஒரு புது வேலை சேர்ந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே, “வேகத்தடை வருது!” என்று கத்துவேன். ஹசீனா கையைத் தூக்கிக்கொள்வாள். கூடவே நின்றுகொண்டிருந்த ஜனமெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். “நல்ல கண்டக்டர்ப்பா, எவ்வளவு அக்கறை” என்று ஒரு அம்மாள் எனக்கு ஆசி கூறிவிட்டு இறங்கினார். குலுங்குகிற பஸ்ஸில் பழகிய கை, நிலையாக உட்கார்ந்த மணப்பெண்ணின் கையில் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருஷமே கல்யாண வீடுகள் அவளைத் தேட ஆரம்பித்தன.

ஊரார் பிள்ளைகள் செய்தவரை எல்லாம் எனக்கு அதிசயமாக இருந்தது. என் பிள்ளை ஆரம்பித்ததும் கவலையாகிவிட்டது.

அங்கே இலையே கிடையாது

மருதாணி போடப் போன வீடுகளில் ஹசீனாவிடம் ஒரு குறையைச் சொன்னார்களாம். ஆண்கள் பந்திக்குப் பரிமாற எத்தனையோ பையன்கள் கிடைக்கிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்களுக்குப் பரிமாறப் பெண்கள் வேண்டும். ஆள் இல்லை. சொந்தக்காரப் பெண்களே பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. கடைசியில் அவர்கள் சாப்பிட உட்காரும்போது எல்லாம் ஆறிப் போகிறது.

கல்லூரியில் ஹசீனா இதைச் சொன்ன அன்றே இலக்கியா ஒரு குழு சேர்த்துவிட்டாள். எங்களுக்குச் சொன்னது, இரண்டு கல்யாணம் முடிந்த பிறகு.

“பந்தி பரிமாறுறதுப்பா. பொம்பளைங்க பக்கம் மட்டுந்தான். சாப்பாடும் போட்டுச் சம்பளமும் குடுக்குறாங்க. ஞாயித்துக்கெழமை மட்டும்.”

“கண்டவங்க எச்சி எலைய எடுக்கவா உன்னயப் படிக்க வைக்கிறேன்?”

“அங்க எலையே கெடையாதுப்பா.”

மல்லிகா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

“காசு எதுக்குடி ஒனக்கு? நான் தரலையா?”

“புதுச்சேரியில எம்.எஸ்சி. படிக்கப் போனா ஹாஸ்டல்ல இருக்கணும்ப்பா. அதுக்கு இப்பவே சேத்து வைக்கிறேன்.”

அந்தப் பதில் என் காதில் ஏறவில்லை. காசு என்ற சொல்லோடு காது அடைத்துக்கொண்டது. எனக்கு அந்தச் சொல்லில் ஒரு பழைய பயம் உண்டு.

வெள்ளரிப்பிஞ்சு

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், பஸ் நிலையத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றேன். திருநள்ளாறு போகிற கூட்டம். கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டினால் ஜன்னல் வழியாகப் பத்துக் கை வரும். சாயங்காலம் கால்சட்டைப் பையில் சில்லறை குலுங்கும். நடக்கும்போது அது தொடையில் இடிக்கும். வேண்டுமென்றே கொஞ்சம் குதித்து நடப்பேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். மறுநாள் நல்ல முகூர்த்த நாள், கூட்டம் அதிகம். அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். படிப்பை நிறுத்துவது என்று நானும் முடிவெடுக்கவில்லை, வீட்டிலும் எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றே போய்விட்டது. விற்க ஏறிய பஸ்ஸிலேயே பிறகு கிளீனர் ஆனேன், கண்டக்டர் ஆனேன்.

அதை நினைத்து நான் அழவில்லை. இந்த வேலை எனக்குச் சோறு போட்டது, வீடு கட்டிக் கொடுத்தது. ஆனால் கையில் காசு புரண்டால் புத்தகம் கனக்கும் என்பதை நான் என் உடம்பில் தெரிந்துகொண்டவன். இலக்கியா ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்கிறாள். அப்புறம் சனிக்கிழமை சேரும். அப்புறம் ஒரு வெள்ளி. அப்புறம் ‘இந்த செமஸ்டர் போகட்டும்ப்பா’ என்று ஒரு நாள் வரும். நாலு ராத்திரி இதையே ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

“எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள் மல்லிகா.

“சும்மா, டவுனுக்கு.”

“இலக்கியா போன மண்டபத்துக்கா? போயிட்டு வாங்க. வீட்டுல இருந்தாலும் நீங்க இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு தரையத்தான் தேய்க்கப் போறீங்க. அவகிட்ட எதையும் அவுத்துக் கொட்டிராதீங்க. நாலு பேரு முன்னாடி அவ மொகம் வாடக்கூடாது.”

“இதோட நிறுத்திக்கன்னு சொல்லிக் கூட்டியாரப் போறேன்.”

“சொல்லுங்க பாப்போம்” என்றாள். அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

வரப்பு கட்டினேன்

இப்போது மறுபடி சஹனுக்கு வருகிறேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் வயதானவர். வெள்ளைத் தொப்பி, கதர் ஜிப்பா, சிரித்த கண். காதர் மரைக்காயர் என்று பிறகு தெரிந்தது. மற்ற இருவரும் அவருடைய மருமகன்கள், துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள். கை கழுவச் செம்பும் தட்டும் எங்களிடமே வந்தன. கழுவினோம். பிறகு நால்வரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

நான் யாராவது பரிமாறுவார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் நான் கை வைக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

“பிஸ்மில்லாஹ். ஆரம்பிங்க தம்பி. விருந்தாளி நீங்கதான்” என்றார் பெரியவர்.

எனக்கு எந்த இடத்தில் கை வைப்பது என்று புதுக் கவலை. அடுத்தவர் பங்கில் கை போய்விட்டால்? என் பக்கத்துச் சோற்றை மெதுவாகப் பிரித்து, விரலால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்குள் மட்டும் சாப்பிட ஆரம்பித்தேன். ஆணம் என்கிற கறிக் குழம்பை ஊற்றியபோது அது அந்தப் பக்கம் ஓடாமல் இருக்கச் சோற்றைக் கொஞ்சம் கூட்டி அணைத்தும் வைத்தேன்.

பெரியவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“குரும்பகரங்க.”

“அதான பாத்தேன். சஹன்லயே வரப்பு கட்டிட்டீங்களே!”

மருமகன்கள் குலுங்கிச் சிரித்தார்கள். பெரியவர் என் வரப்பை ஒரே விரலால் உடைத்துவிட்டு, ஒரு நல்ல கறித்துண்டை என் பக்கம் தள்ளினார்.

“கோச்சுக்காதீங்க. இதே கூத்தத்தான் திரைக்கு அந்தாண்ட பரிமாறுதுங்களே, காலேஜு பொண்ணுங்க, அதுங்களும் மொத கல்யாணத்துல பண்ணுச்சுங்க. எங்கூட்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. எலையில போட்டுப் பழகுன புள்ளைங்கல்ல? ஒவ்வொரு சஹன்லயும் சோத்த நாலு குமியா, எடையில சந்து விட்டு வச்சிருச்சுங்க. உக்காந்த பொம்பளைங்க, ‘இது சோறுடி, வாப்பா சொத்தா, பாகம் பிரிக்க?’ன்னு கேக்க, ஒரு பொண்ணு என்னா சொல்லுச்சு தெரியுமா?”

என் கை நின்றுவிட்டது.

“‘மன்னிச்சுக்குங்க மாமி, எங்க ஊர்ல சோத்துக்கே பட்டா போட்டுருவாங்க’ன்னுச்சாம். அப்புறம் மாமிங்க கரண்டிய வாங்கி எப்புடின்னு காமிச்சிருக்காங்க. ரெண்டாவது பந்தியில ஒரு தப்பு இல்லியாம். இப்ப அந்தப் பொண்ணு வந்தாத்தான் எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு விருந்து.”

“யாருங்க அந்தப் பொண்ணு?” என்றேன்.

“இலக்கியான்னு ஒரு புள்ள. குரும்பகரந்தான்னு நெனைக்கிறேன். தெரியுமா ஒங்களுக்கு?”

“பாத்துருக்கேன்” என்றேன்.

சத்தமில்லாத என் பிள்ளை அப்படிப் பதில் சொன்னாள் என்று நம்ப முடியவில்லை. வேறு இலக்கியாவாக இருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

துணி வழியே கேட்டது

அந்த நேரம் பார்த்து மண்டப வாசலில் சலசலப்பு. நாகூரிலிருந்து இரண்டு வேன் நிறையப் பெண்களும் குழந்தைகளும் வந்து இறங்கினார்கள். அவர்கள் இரவு விருந்துக்குத்தான் வருவதாகப் பேச்சாம். பெண் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. நேரே திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு எட்டுகிற தூரம். கழுத்தெல்லாம் வியர்வை.

“தங்கச்சி, இலக்கியா! ரெண்டு வேன் வந்துருச்சும்மா. என்னம்மா செய்யலாம்?”

என்னைவிட வயதில் மூத்தவர், வசதியானவர், உள்ளூரில் கடை வைத்திருப்பவர். அவர் என் மகளைக் கேட்கிறார்.

துணிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. அவள் குரல்தான். ஆனால் வீட்டில் தண்ணீர் கேட்கிற குரல் இல்லை. சத்தம் போடவில்லை, சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுந்தது.

“பதறாதீங்க மாமா. சோறு இருக்கு, கறிதான் அளவா இருக்கு. வந்த சின்னப் புள்ளைங்கள மொதல்ல தனியா உக்கார வச்சு, அஞ்சு பேருக்கு ஒரு சஹன் போட்டுர்றோம், காரம் கம்மியா. பெரியவங்களுக்கு ஃபிர்னியக் குடுத்துப் பேசிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. சமையக்கட்டுல தால்ச்சாவும் கத்திரிக்காப் பச்சடியும் கூட ஒரு சட்டி ஏத்தச் சொல்லிட்டேன். ஹசீனா, நீ வாசப் பக்கம் போ. பாட்டிமாருக்கு நாக்காலி போடு.”

“சொல்லிட்டியாம்மா? எப்பச் சொன்ன?”

“வேன் ஹாரன் கேட்டப்பவே.”

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே ஃபிர்னி என்கிற பால் இனிப்புக் கிண்ணங்களைத் தேடி ஓடினார்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரோ எதையோ கையில் கொடுத்தார்கள், பார்க்காமலே வாங்கிக்கொண்டேன். திரை லேசாக அசைந்தது. அதன் அடியில் கால்கள் தெரிந்தன. கொலுசு போட்ட கால், போடாத கால், வேகமாக, ஆனால் ஒன்றை ஒன்று இடிக்காமல் போய் வந்தன. ஒரு பாத்திரம் இன்னொன்றில் மோதும் சத்தம் இல்லை. “இங்க ஆணம்”, “ரெண்டாவது வரிசை தண்ணி” என்று தணிந்த குரல்கள். பந்தி என்றால் கூச்சல் என்றே தெரிந்த எனக்கு, அவ்வளவு பேர் சாப்பிடும் இடத்தில் அப்படி ஒரு அடக்கம் புதிதாக இருந்தது. கோயிலில் தீபாராதனை முடிந்து மணி நின்றதும் ஒரு அமைதி வருமே, அது மாதிரி இருந்தது.

“தம்பி சாப்புடாம அழுவுறீங்களா?” என்றார் பெரியவர்.

“காரங்க.”

“ஃபிர்னியவா இவ்வளவு காரமாப் போட்டாங்க?”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் கையில் இருந்தது இனிப்பு.

இனி மறைக்க முடியவில்லை. “இலக்கியா என் பொண்ணுங்க” என்றேன்.

மூன்று பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். மருமகன்களில் ஒருவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, “ஏங்க, நீங்க வேகத்தடை கண்டக்டர்தானே?” என்றார். பெரியவர் எச்சில் கையோடு என் தோளைத் தட்டப் போய், சட்டை பாழாகிவிடும் என்று முழங்கையால் இடித்தார். “மாஷா அல்லாஹ்! புள்ளையப் பெத்துட்டு, பாத்துருக்கேங்கிறீங்க!”

நான் கொடுத்த வாக்கு

கை கழுவிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் நின்றோம். பெரியவர் என் கையை விடவில்லை.

“தம்பி, எனக்குப் பேரன் பொறந்துருக்கான். மூணாவது மக வயித்துப் பேரன். ஏழாம் நாளு பேரு வைக்கிற விருந்து. வர்ற வியாழக்கெழம. ஒங்க பொண்ணும் அதுகூட வர்ற புள்ளைங்களும் வந்து நிக்கணும். கூடக் கொறச்சன்னு பேச்சே இல்ல, நிறைவாச் செஞ்சுர்றேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

இந்த வேலையை நிறுத்தத்தான் வந்தேன் என்பது எனக்கு நினைவே இல்லை. நெஞ்சு அப்படி விம்மியிருந்தது. என்னிடம் ஒரு பெரிய மனிதர் என் மகளைக் கேட்டு நிற்கிறார். வாய் தானாகத் திறந்தது.

“வந்துருவாங்க பாய். நீங்க கவலயே படாதீங்க.”

கவலைப்படாதீர்கள் என்று நான் அடுத்தவருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அப்போது திரை விலகி இலக்கியா வந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். முன்கை வரை நெய் பளபளத்தது. நெற்றியில் ஒட்டிய முடியைத் தோளால் ஒதுக்கிவிட்டு, என்னைப் பார்த்து நின்றாள்.

“அப்பா? நீங்க எப்ப வந்தீங்க? சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்மா. பாய்கூடத்தான்.” அவசரமாகச் சொன்னேன். “வியாழக்கெழம பாய் வீட்டு விருந்து. நீங்க வந்துருவீங்கன்னு சொல்லிட்டேன்.”

அவள் பெரியவரைப் பார்த்துச் சலாம் சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“வியாழக்கெழம பரீட்சைப்பா.”

எனக்குச் சுருக்கென்றது. பெரியவர் விடவில்லை. “காலையிலதானம்மா பரீட்ச? விருந்து மத்தியானந்தானே. முடிச்சுட்டு நேரா வந்துருங்க. வண்டி அனுப்புறேன்.”

“முடியாது மாமா. விருந்துன்னா விடியக்காலையில வந்து சமையக்கட்டப் பாக்கணும். இல்லன்னா பரிமாறும்போது ஏதாவது ஒண்ணு கொறையும். பரீட்சைய நெனச்சுக்கிட்டுப் பரிமாறுனா உங்க வீட்டு விருந்து கெடும். விருந்த நெனச்சுக்கிட்டு எழுதுனா என் பரீட்ச கெடும்.”

“சம்பளத்த ரெண்டு மடங்கா வச்சுக்கம்மா.”

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மடங்கு. அந்த நொடியில் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த இடத்தில் நின்றால் நான் என்ன செய்வேன் என்று மட்டும் தெரியும்.

“காசுக்காக இல்ல மாமா. நான் படிக்கணும்” என்றாள். சிரித்துக்கொண்டே, கொஞ்சம்கூடத் தடுமாறாமல்.

“அப்பா வாக்குக் குடுத்துட்டேன்மா” என்று மெல்ல இழுத்தேன்.

“எதுக்குப்பா குடுத்தீங்க? எங்கள ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?”

கோபமாகக் கேட்கவில்லை. பஸ்ஸில் சில்லறை தப்பாகக் கொடுத்தால் பயணி சொல்வது மாதிரி, இருக்கிறதைச் சொன்னாள். படிப்பை விட்டுவிடுவாளோ என்று பயந்து வந்தேன். இப்போது அவள் பரீட்சைக்குக் குறுக்கே நிற்கிறவன் நான்தான்.

பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு ஜிப்பாப் பையிலிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். திரைக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், மணி அடித்தது எங்களுக்கே கேட்டது.

“நாந்தான். ஏழாம் நாளு அந்தப் பொண்ணுங்களுக்கு முடியாதாம். பரீட்சையாம்.”

பதில் போனிலும் வந்தது, துணி வழியாகவும் வந்தது. “எந்தப் பொண்ணு? இலக்கியா புள்ளயா?”

“ஆமா.”

“அப்பப் பதினாலாம் நாளு வைங்க. மார்க்கத்துல அதுக்கும் எடம் இருக்குல்ல?”

“அதுவரைக்கும் புள்ளையப் பேரு இல்லாம எப்புடிக் கூப்புடுறது?”

“தங்கம்னு கூப்புடுங்க. கோச்சுக்கிட்டு எந்திரிச்சா போயிரும்? பரீட்சைய ஒழுங்கா எழுதச் சொல்லுங்க அவள.”

பெரியவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை விரித்தார். “முடிஞ்சு போச்சு தம்பி. எங்கூட்ல தீர்ப்பு வந்துருச்சுன்னா மேல அப்பீல் கெடையாது.”

இலக்கியா, “சரிங்க மாமா, அப்ப பரீட்சை முடிஞ்சு லீவுதான், பதினாலாம் நாளு வந்துர்றோம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இன்னும் ஒரு பந்தி மிச்சம் இருந்தது. ஒரு குடும்பம் தன் விருந்து நாளைத் தள்ளி வைத்துவிட்டது. பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தை, என் மகள் பரீட்சை எழுதி முடிப்பதற்காகப் பெயர் இல்லாமல் ஒரு வாரம் இருக்கப் போகிறது. நான் ஏறிய பஸ்களில், பார்த்த ஊர்களில், இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

வீட்டுக்குப் போனதும், “சொன்னீங்களா?” என்று கேட்டாள் மல்லிகா. சொல்லவில்லை என்றேன்.

பரீட்சை எழுதினாள். பதினாலாம் நாள் வந்தது. அன்று நான் டியூட்டியை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. இருட்டுப் பிரியும் நேரத்து முதல் நடையில் இலக்கியாவும் ஹசீனாவும் மற்ற பிள்ளைகளும் என் பஸ்ஸிலேயே ஏறினார்கள். எல்லாரும் டிக்கெட் வாங்கினார்கள். பெரியவர் வீட்டுத் தெருமுனையில் இறங்கி, வரிசையாக நடந்தார்கள். நான் விசில் ஊதினேன். பஸ் கிளம்பியது.

திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.